பால்மாவு டின்னும் தண்ணீர் டிரம்மும்: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். கரண்ட் போய், சாலைகள் அறுபட்டு, கடைகள் மூடிக் கிடந்த அந்த நாட்களில் பால்மாவு குடிக்கும் குழந்தை இருந்த வீடுகளின் பாடு தனி. மாவு இருந்தால் நல்ல தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் கொதிக்க வைக்க வழி இருக்காது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை. உம்மாவுக்குச் சோறும் குடிக்கத் தண்ணீரும் கிடைத்தால் குழந்தையின் வயிறும் நிறைந்துவிடும்.

குழந்தை பிறந்த வீட்டுக்கு உதவி கேட்டு வருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது பால்மாவு டின்தான். அதனால் அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். மூன்று மாதக் குழந்தை முழுக்கப் பால்மாவையே நம்பியிருந்தால் ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் மாவு செலவாகும். மாதத்துக்கு மூன்று கிலோவைத் தாண்டும். அதாவது 400 கிராம் டின் எட்டு. உங்கள் தெருக்கடையில் ஒரு டின்னின் விலையைக் கேட்டு எட்டால் பெருக்கிப் பாருங்கள். வள்ளத்துக்கோ உப்பளத்துக்கோ கூலிக்குப் போகும் வீட்டில் அது கட்டுப்படியாகாது. அப்போது என்ன நடக்கிறது? நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், குழந்தையும் குடிக்கும், ஆனால் எடை ஏறாது. கூடவே பாட்டிலில் தங்கும் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் சேரும்.

"எனக்குப் பால் பத்தலை" என்று பெண்கள் சொல்லும்போது வீட்டிலுள்ளவர்கள் உடனே டின்னைத்தான் நினைக்கிறார்கள். தாய்ப்பால் எப்படி ஊறுகிறது என்று தெரிந்துகொண்டால் அந்த அவசரம் குறையும். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் சுரக்கும். மார்பு காலியானால்தான் உடல் மறுபடி நிரப்பும். இரண்டு வேளை பாட்டில் கொடுத்தால் அந்த இரண்டு வேளை குழந்தை மார்பில் உறிஞ்சாது, சுரப்பும் அந்த அளவுக்குக் குறையும். அடுத்த வாரம் நான்கு வேளை பாட்டில் தேவைப்படும். பால் பற்றுகிறதா என்று அழுகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் வாரம் கழிந்த பின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் பற்றுகிறது என்று பொருள். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டி, குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

தாய் இல்லாத குழந்தை, தாய்க்குக் கடுமையான நோய் என்று பால்மாவு உண்மையிலேயே தேவைப்படும் வீடுகளும் உண்டு. மருத்துவர் சொல்லித்தான் அதைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் டின்னில் சொன்ன அளவைக் குறைக்கக் கூடாது. பாட்டிலை விட நம் பழைய பாலாடையே மேல். ஒரு பாத்திரம்தான், வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சுத்தம். கடைக்காரரோ வேறு யாருமோ இலவச மாதிரி டின் கொடுத்தால் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம்.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் இரண்டு ஆண்டுப் பாலூட்டலைப் பற்றிப் பேசும்போது, அந்தத் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பாலூட்டலை எல்லோரும் எடுத்துச் சொல்கிறோம்; வாப்பாமாரின் பங்கை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. டின்னுக்குப் போகும் பணத்தில் பாதியை உம்மாவின் தட்டுக்கு மாற்றினாலே போதும். முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, கடலை, நம் கரையில் மலிவாகக் கிடைக்கும் சாளையும் நெத்திலியும். பால்சுறாதான் பால் ஊறவைக்கும் என்று விலை கொடுத்து அலைய வேண்டியதில்லை. பெரிய மீன்களில், குறிப்பாகச் சுறாவில், பாதரசம் கூடுதல். சின்ன மீனே நல்லது. பத்தியம் என்று தண்ணீரையும் கீரையையும் நிறுத்துவது தாய்க்கும் நல்லதல்ல, பாலுக்கும் நல்லதல்ல. பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.

இலவசமாகக் கிடைப்பவற்றை விட்டுவிடக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து எண் வாங்குங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். தாமதமாகப் பதிந்துவிட்டு அலைகிறவர்கள் நிறைய. தடுப்பூசிகள் எல்லாம் இலவசம். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. பெயரை ஓராண்டுக்குள் சேர்த்துவிடுங்கள்.

அகீகாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது வசதி உள்ளவர்களுக்கான சுன்னத். ஏழாம் நாள் முடியாவிட்டால் பிள்ளை பருவமடையும் வரை பிற்படுத்தலாம் என்பது நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. வட்டிக்குக் கடன் வாங்கி ஊர்ச்சோறு போடுவது எந்த மத்ஹபிலும் இல்லை. இறக்கிய முடியின் எடைக்கு வெள்ளியின் பெறுமதியை ஸதகா செய்வதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. பிறந்த குழந்தையின் முடி எவ்வளவு எடை இருந்துவிடும்?

காசு அதிகம் இல்லாமல் செய்வதாலேயே ஆபத்தாகத் தோன்றாத பழக்கங்கள் சில உண்டு. குழந்தையின் கண்ணுக்குச் சுர்மா இடுவது அதில் ஒன்று. கடையில் விற்கும் சுர்மாவில் பலவற்றில் ஈயம் இருக்கிறது. கண்ணைக் கசக்கிய விரல் வாய்க்குப் போகும், ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தேன் ஒரு வயது வரை துளிகூடக் கூடாது. தசைகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்தக்கூடிய ஒரு கிருமியின் விதை அதில் இருக்கலாம், கைக்குழந்தையின் குடலுக்கு அதை அடக்கும் திறன் இல்லை. தஹ்னீக் செய்வோர் பேரீச்சம்பழத்தின் இடத்தில் தேனை வைக்க வேண்டாம். செய்பவருக்கு இருமலோ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ இருக்கக் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

இனி வீடு. தண்ணீர் நாள் விட்டு வரும் தெருக்களில் டிரம், அண்டா, வாளி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். தவழத் தொடங்கிய குழந்தைக்கு வாளியில் அரை அடித் தண்ணீர் போதும். தலை கனம், தலைகீழாக விழுந்தால் எழத் தெரியாது, சத்தமும் வராது. டிரம்முக்கு இறுக்கமான மூடி, வாளியைப் பயன்படுத்தியதும் கவிழ்த்து வைப்பது, குளியலறைக் கதவுக்கு வெளியே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி: மொத்தச் செலவு ஒரு டின் பால்மாவை விடக் குறைவு. மூடி டெங்கு கொசுவையும் தடுக்கும். தண்ணீரில் விழுந்த குழந்தை மூச்சு விடாமல் இருந்தால் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீரை வடிக்க முயன்று நேரத்தைக் கடத்தக் கூடாது. உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதத் தொடங்கிக்கொண்டே 108க்குச் சொல்ல ஆள் அனுப்ப வேண்டும்.

கடலுக்குப் போகிறவர் வீடுகளில் கூடுதலாக ஒரு பார்வை வேண்டும். வலை முடையும் இடத்தில் சிந்தும் ஈயக்குண்டு, தூண்டில் முள், நைலான் துண்டு எல்லாம் குழந்தையின் வாய்க்குப் போகிற அளவுதான். வலை வேலைக்குத் திண்ணையோ தனி மூலையோ ஒதுக்கி, முடிந்ததும் பெருக்கிவிடுங்கள். நீங்களே ஒருமுறை தரையில் கையூன்றி, குழந்தையின் உயரத்திலிருந்து வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கட்டிலுக்கடியில் கிடக்கும் பொரிகடலை, ரிமோட்டிலிருந்து கழன்ற வட்ட பேட்டரி, சுவிட்சில் செருகியபடியே தொங்கும் செல்போன் சார்ஜர் அப்போதுதான் கண்ணில் படும். வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம். மலத்தோடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உப்புக்காற்றில் நம் ஊர் ஃபேனும் கிரைண்டரும் சீக்கிரம் துருப்பிடித்து ஷாக் அடிக்கும். சொந்த வீடாக இருந்தால் மின் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போட்டுவிடுவது, தங்கக் காப்பு வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு. தூளி கட்டினால் கொக்கியையும் கயிற்றையும் மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். உட்காரத் தொடங்கிய பிள்ளையைத் தூளியில் தனியே விடக் கூடாது. தரையில் போட்டால் மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும், தலையணை இல்லாமல்.

மண்ணெண்ணெய், கழிவறை ஆசிட், டர்பன்டைன் மூன்றையும் குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். அவற்றின் சொந்தக் கேனில், பூட்டிய இடத்தில், உயரத்தில் இருக்கட்டும். குழந்தை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரோ பாலோ புகட்டாதீர்கள். வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதுதான் உயிரை எடுப்பது. நனைந்த உடையைக் கழற்றித் தோலைக் கழுவி, 108ஐ அழைத்து, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் போங்கள். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.