கடல் கடந்து ஒலித்த கண்டனம்

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் அயல்நாட்டுப் பிழைப்பை அறியாத தெரு அரிது. அங்கே நம் பிள்ளைகளுக்குக் கொடுமை நேர்ந்தால், நம் அரசு என்ன செய்ய இயலும்? 1913ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்காவைச் சற்றே நோக்குங்கள்.

ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்றோரில் தமிழர் மிகப் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டும் என்றது 1895ஆம் ஆண்டுச் சட்டம். 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் அளித்த தீர்ப்போ, கிறிஸ்தவ முறைப்படி நடவாத, பதிவாகாத திருமணங்கள் செல்லா என்றது. ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. நிகாஹ் முடித்த மனைவியும் தாலி கட்டிக்கொண்ட மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருசேர உரிமை இழந்தனர்.

பொறுத்தவர்கள் பொங்கி எழுந்தனர். சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பரில் காந்தியடிகளின் தலைமையில் 2,000க்கும் மேற்பட்டோர் டிரான்ஸ்வாலை நோக்கி நடந்தனர். சுரங்க வளாகங்களே சிறைகளாயின. சவுக்கடிகள் விழுந்தன, கரும்புத் தோட்டங்களில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கள் பலியாயின. தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, சிறையில் பற்றிய காய்ச்சலால் 1914 பிப்ரவரியில், 16 வயதில் மாண்டார்.

செய்தி கேட்டு இந்தியா கொதித்தது. கோகலே நிதி திரட்டினார். 1913 நவம்பரில் சென்னையில் பேசிய வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு, அநீதியான சட்டங்களை எதிர்ப்போர்பால் தம் அனுதாபத்தை வெளிப்படையாகவே கூறினார். நடுநிலையான விசாரணையும், அதில் இந்தியர்க்குப் பிரதிநிதித்துவமும் கோரினார். தென்னாப்பிரிக்க அரசு சினந்தது. ஆயினும் டிசம்பரில் சாலமன் விசாரணைக் குழு அமைந்தது.

குழுவில் இந்தியர் எவரும் இல்லை. ஆகவே காந்தியடிகள் அதனைப் புறக்கணித்தார். வைஸ்ராயோ சர் பெஞ்சமின் ராபர்ட்சன் என்னும் அதிகாரியை அங்கே அனுப்பினார். 1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது. ஒருதார மணங்களை ஏற்றது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கண்டனம் மட்டும் காகிதமே. விசாரணை கேட்பதும், ஆளனுப்பித் தொடர்வதுமே பயன் தரும். மக்கள் குரல் எழுப்பியதால்தான் அரசும் வாய் திறந்தது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஹார்டிஞ்ச் பதவி விலகிய பின், 1919இல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளைச் சுட்டது அதே பிரிட்டிஷ் ஆட்சிதான்! அயலாரிடம் நீதி கேட்கும் அரசு, தன் வீதியில் கூடும் குடிகளுக்கும் அதே நீதியை வழங்கக் கடமைப்பட்டதன்றோ?