மெல்போர்னில் வென்ற கோவைப் பெண்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது, இண்டூர். அந்த ஊரில் ஒரு சிறுமி, "நான் டென்னிஸ் ஆடப் போகிறேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்?

"அது பணக்காரர் ஆட்டமாயிற்றே! அதிலே முதல் ஆளாக வந்தால்தான் பெயரும் பணமும். நூறாவது ஆளாக வந்தால் யார் மதிப்பார்கள்?" என்று கேட்பார்கள்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலாக ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. அவர் கோவையில் பிறந்தவர். உலக டென்னிஸில் அவர் முதல் ஆளாக வரவில்லை. முதல் நூறு பேரிலும் வரவில்லை. ஆனாலும், முப்பது ஆண்டுகளாக எந்த இந்தியப் பெண்ணும் செய்யாத காரியத்தை அவர் செய்தார்!

அவர் பெயர், நிருபமா வைத்தியநாதன்.

தந்தையே குரு

நிருபமா பிறந்தது 1976-ம் ஆண்டு டிசம்பரில். தந்தை வைத்தியநாதன், ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளில் கிரிக்கெட் ஆடியவர். மட்டை பிடித்த அந்தக் கை, மகளுக்கு டென்னிஸ் சொல்லிக் கொடுத்தது.

டென்னிஸ் மைதானம் 78 அடி நீளம். ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 27 அடி. நடுவில் 3 அடி உயரத்தில் வலை. சிறு பெண்ணுக்கு இது பெரிய இடம்! பந்தை வேகமாக அடிக்கக் கையில் பலம் போதாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வழி உண்டு. பந்தை வானத்தைப் பார்த்துத் தூக்கி அடிப்பது. பந்து உயரப் போய், எதிரியின் கோட்டுக்கு அருகே விழும். எதிரி பின்னால் ஓடவேண்டும். இதற்கு "நிலாப் பந்து" என்று பெயர்.

பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிருபமா, அந்த நூலுக்கு "தி மூன்பாலர்" என்றே பெயர் வைத்தார். நிலாப் பந்து அடிப்பவர் என்று பொருள்.

14 வயதிலேயே அவர் தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். இந்தியாவில் முதலிடம் வந்தாயிற்று. அடுத்தது என்ன? உலகம்தான்.

ஏணியின் கீழ்ப்படி

உலக டென்னிஸ் ஓர் ஏணி. உச்சியில் இருப்பவர்களின் படம் பத்திரிகைகளில் வருகிறது. கீழ்ப்படியில் நிற்பவர்களை யாருக்கும் தெரியாது.

நிருபமா ஆடிய காலத்தில், சிறிய போட்டி என்றால் மொத்தப் பரிசே 10,000 டாலர்தான். அதை ஆட வந்த அத்தனை பேருக்கும் பங்கு போடவேண்டும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். விமானக் கட்டணம், விடுதி வாடகை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டும் கூலி, எல்லாம் அவரவர் பொறுப்பு. வெற்றி பெற்றால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் தரவரிசையில் ஏறலாம். கொஞ்சநாள் ஆடாமல் இருந்தால் இறங்கிவிடும்.

இந்த ஏணியில் நிருபமா படிப்படியாக ஏறினார். 1997-ல் அவர் எட்டிய இடம், 134.

"வெறும் 134-தானா?" என்று கேட்கலாம். உலகத்தில் டென்னிஸ் மட்டை பிடித்த பெண்கள் எத்தனை லட்சம் பேர்! அவர்களில் 133 பேர்தான் அவருக்கு மேலே இருந்தார்கள்.

அந்த ஒரு வெற்றி

டென்னிஸில் மிகப் பெரிய போட்டிகள் நான்கு. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய இடங்களில் ஆண்டுதோறும் நடக்கும். ஒவ்வொன்றிலும் பெண்கள் ஒற்றையர் பிரிவில் 128 பேருக்கு மட்டுமே இடம். முதல் சுற்று முடிந்ததும் 64 பேர் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்!

1934-லேயே விம்பிள்டனில் லீலா ராவ் என்ற இந்தியப் பெண் ஓர் ஆட்டத்தை வென்றிருக்கிறார். அக்காலத்தில் பணத்துக்காக ஆடுவோருக்கு அங்கே இடமில்லை. 1968-ல் அந்தத் தடை நீங்கியது. டென்னிஸையே தொழிலாகக் கொண்டவர்கள் வந்தார்கள். போட்டி கடுமையாயிற்று. அதன் பிறகு, பெரிய போட்டி எதிலும் ஒற்றையர் ஆட்டத்தில் வென்ற இந்தியப் பெண் ஒருவரும் இல்லை.

1998 ஜனவரி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். எதிரே நின்றவர், இத்தாலி நாட்டு வீராங்கனை குளோரியா பிட்ஸிகினி. கோவைப் பெண் அவரைத் தோற்கடித்தார்!

அடுத்த சுற்றில் நிருபமா தோற்றுவிட்டார். ஆனால் என்ன? அதுவரை பூஜ்யமாக இருந்த கணக்கு, ஒன்று ஆகிவிட்டது.

அதே ஆண்டு பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கலப்பு இரட்டையர் ஆட்டத்தில், மகேஷ் பூபதியுடன் சேர்ந்து நிருபமா வெண்கலப் பதக்கம் பெற்றார்.

பின்னால் வந்தவர்கள்

ஏழு ஆண்டுகள் சென்றன. 2005-ல் அதே மெல்போர்னில் ஹைதராபாத்தைச் சேர்ந்த சானியா மிர்சா மூன்றாவது சுற்றுவரை போனார். 2007-ல் உலகத் தரவரிசையில் 27-வது இடத்தைப் பிடித்தார். நாடே கொண்டாடியது. ஆனால் மெல்போர்னில் முதலில் கதவைத் தள்ளித் திறந்தவர், 134-வது இடத்துப் பெண்தான்.

திருமணத்துக்குப் பிறகு நிருபமா சஞ்சீவ் ஆன அவர், அமெரிக்காவில் கலிபோர்னியாவில் டென்னிஸ் பயிற்சி நிலையம் தொடங்கினார். தந்தையிடம் கற்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். மட்டையை ஒரேயடியாகக் கீழே வைத்துவிடவும் இல்லை. 2010-ல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில், 33 வயதில், மறுபடியும் இந்திய அணியில் இடம்பெற்றார்!

இண்டூர்ச் சிறுமி கேட்டால்…

இனி, இண்டூரில் ஒரு சிறுமி மட்டை கேட்டால் பெற்றோர் என்ன சொல்லலாம்?

செலவு உண்டு என்று சொல்லலாம். சிரமம் உண்டு என்று சொல்லலாம். அவை உண்மை. ஆனால், "முதல் ஆளாக வராவிட்டால் வீண்" என்று மட்டும் சொல்லவேண்டாம்.

ஏணியில் உச்சிக்குப் போகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஏறிய படிகளும் ஏணியில்தான் இருக்கின்றன. பின்னால் வருகிறவர்கள் கால் வைப்பது அந்தப் படிகளில்தான்!