யாருக்குப் பிடிக்கவில்லை?

ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். மூவரும் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லும்படி ஆப்பைக் கேட்கிறார்கள். அப்பாவுக்குப் பிடித்த படம் பட்டியலின் அடியில் கிடக்கிறது. காரணமும் போட்டிருக்கிறது: 'குழுவின் சராசரி 3.3.' பெயர் எதுவும் இல்லை. ஆனால் அப்பா கொடுத்தது 5. அம்மா தான் கொடுத்தது 4 என்று சொல்லிவிட்டார். மிச்சம் 1. "ஏம்மா, அந்தப் படத்துல உனக்கு என்ன பிடிக்கல?" விசாரணை தொடங்கிவிட்டது.

இது பழைய சிக்கல். 1998-இல் அமெரிக்க உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் 'மியூசிக்எஃப்எக்ஸ்' என்ற மென்பொருள், உறுப்பினர்கள் 91 இசை வகைகளுக்குத் தந்திருந்த மதிப்பெண்களில், அந்நேரம் உள்ளே இருப்பவர்களுடையதை மட்டும் கூட்டிப் பார்த்து இசையைத் தேர்ந்தெடுத்தது. நான்கு பேர் இருக்கும் கூடத்தில் ஐந்தாமவர் நுழைந்ததும் பாட்டு மாறினால், யாருக்காக மாறியது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? 2001-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய, குழுவுக்குப் படம் பரிந்துரைக்கும் 'பாலிலென்ஸ்', குழுவில் யாருக்கு மிகக் குறைவாகப் பிடிக்குமோ அவருடைய மதிப்பெண்ணையே குழுவின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொண்டது. யாரையும் வதைக்காத கணக்குதான். காரணத்தை விளக்கப் போனால் அந்த ஒருவர் மாட்டிக்கொள்வார்.

நல்ல பரிந்துரைக்காக அந்தரங்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பலர் தயார் என்று பாலிலென்ஸ் ஆய்வே கண்டது. இருக்கலாம்.

என் கவலை வீட்டைப் பற்றியது. நண்பர்கள் குழுவிலிருந்து விலகிவிடலாம்; மகளும் மருமகளும் வயதான மாமனாரும் வீட்டிலிருந்து எங்கே விலகுவது? குடும்பச் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது, 'உங்களில் ஒருவர் படி ஏறும் இடங்களைத் தவிர்க்கிறார்' என்று ஆப் சொன்னால் போதும். அது மாமனார் மறைத்துவைத்த முழங்கால் வலியாக இருக்கலாம்; மருமகள் இன்னும் வீட்டில் சொல்லாத கர்ப்பமாகவும் இருக்கலாம். ஒருமுறை இப்படி மாட்டியவர் அடுத்த முறை எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார் போடுவார். பிறகு அந்தப் பரிந்துரை யாருக்கும் உதவாது.

விளக்கம் அவசியம். அது இடத்தைப் பற்றிப் பேசட்டும், ஆளைப் பற்றி வேண்டாம்: 'நடை குறைவு, எல்லோருக்கும் ஏற்ற இடம்.' என் மதிப்பெண் எப்படிக் கணக்கில் சேர்ந்தது என்பதை எனக்கு மட்டும் காட்டட்டும். மூன்று நான்கு பேர் உள்ள குழுவில் சராசரியை எண்ணாகக் காட்டவே கூடாது.

ஆப் செய்வோர் இதையெல்லாம் செய்யும்வரை, வீட்டில் யாரோ ஒற்றை ஸ்டார் போட்டது தெரியவந்தால், தயவுசெய்து யாரென்று கேட்காதீர்கள்.