வீட்டு நினைவுகளுக்கு ஒரு சின்னக் கணனி

சகோதரிகளே! உங்கள் கல்யாண வீடியோ இப்போது எங்கே இருக்கிறது? அலுமாரியின் மேல் தட்டில் கசட்டாகவா, மகனின் பழைய மடிக்கணனியிலா? மர்ஹூம் வாப்பாவின் குரல் பதிவான போன் யாரிடம்? பேரப்பிள்ளை முதலடி எடுத்து வைத்த படம், வெளிநாட்டிலுள்ள மருமகனின் வட்ஸ்அப்பில் மட்டும்தானா?

இக்கேள்விகளுக்கு உடனே பதில் வராவிட்டால் நீங்கள் கவனமெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வீ.எச்.எஸ். கசட் போடும் இயந்திரங்களைக் கடைசி வரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. கசட்டும் ஆண்டுக்காண்டு மங்குகிறது. கையடக்கத் தொலைபேசியோ தண்ணீரில் விழுந்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல வழி, டீ.வி.க்குப் பக்கத்தில் வைக்கும் சிறிய கணனி. அது இரண்டு வேலை செய்யும். வீட்டிலுள்ள படங்களையும் வீடியோக்களையும் டீ.வி.யில் போட்டுக் காட்டும். எல்லோருடைய போனிலும் உள்ளவற்றை ஓரிடத்தில் சேர்த்தும் வைக்கும். இதை வாங்கப் போவது கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். ஆனால் எதை வாங்க வேண்டும், எதற்குக் காசைக் கொட்டக் கூடாது என்பதை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

மூளை பெரிதாக இருக்க வேண்டியதில்லை

கடைக்காரர் விளையாட்டுக்கான பெரிய கணனியையும் விலை கூடிய கிராபிக்ஸ் காட்டையும் காட்டக் கூடும். உங்கள் தேவைக்கு அவை வேண்டாம். 2023இன் தொடக்கத்தில் வெளிவந்த இன்டெல் என்100 போன்ற சிறிய புரொசசரே போதும். 4கே வீடியோவை விரிக்கும் வசதி அதற்குள்ளேயே உண்டு. ரேம் 8 ஜிபி, கணனியை இயக்கும் மென்பொருளுக்கு 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று, டீ.வி.யுடன் இணைக்க எச்.டி.எம்.ஐ. 2.0 துவாரம். இவ்வளவுதான். எச்.டி.எம்.ஐ. 1.4 என்றால் 4கே படம் செக்கனுக்கு 30 சட்டங்களுக்கு மேல் போகாது. ஆகவே இதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் பழைய பெரிய கணனி ஒன்று சும்மா கிடக்கிறதே, அதைப் பாவித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பாவிக்கலாம். ஆனால் மின்சாரக் கணக்கைப் பாருங்கள். 60 வொட் இழுக்கும் கணனி இரவு பகலாக ஓடினால் 30 நாளில் 43 அலகு செலவாகும். இரண்டு டிஸ்க்குகளோடு சும்மா இருக்கையில் 15 வொட் இழுக்கும் சிறிய கணனிக்கு 11 அலகுக்குள் முடியும். அலகு கூடக் கூட நம் நாட்டில் கட்டண வீதமும் ஏறுகிறது. பழையதை இலவசம் என்று நினைத்தால் மாதா மாதம் பில்லில் விலை கொடுக்க நேரிடும்.

டிஸ்க்தான் களஞ்சியம்

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான். போனில் எடுக்கும் ஒரு படம் சுமார் 4 எம்பி என்றால், 4 டெராபைட் டிஸ்க் ஒன்றில் பத்து இலட்சம் படங்கள் அடங்கும். வீடியோ கூடுதல் இடம் பிடிக்கும் என்றாலும், சாதாரணக் குடும்பத்துக்கு 4 டெராபைட் பல வருடங்களுக்குக் காணும். அதைக் கணனியில் பொருத்தியதும் 3.6 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். விற்பவர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், கணனி 1024ஆல் கணக்கிடுகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். சில டிஸ்க்குகளில் கூரை ஓடு அடுக்குவது போல ஒரு வரியின் மேல் மறுவரி சற்று ஏறி நிற்கும்படி பதிகிறார்கள். இதற்கு எஸ்.எம்.ஆர். என்று பெயர். ஓர் ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் தூக்குவது போல, திரும்ப எழுதும்போது இது மிகவும் மந்தமாகும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், சேமிப்புக் கணனிகளுக்கென விற்ற தனது ரெட் வகை டிஸ்க்குகள் சிலவற்றில் இம்முறை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆகவே "இது சீ.எம்.ஆர். தானா?" என்று கேட்டு உறுதி செய்த பின் காசைக் கொடுங்கள். உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

டிஸ்க் பெட்டிக்குள்ளேயே பொருந்தும்படியான கணனியைத் தெரிவு செய்யுங்கள். வெளியே வயரில் தொங்கினால் பிள்ளைகள் இழுத்துவிடுவார்கள். காற்றுப் போக இடம் விடுங்கள். மூடிய அலுமாரிக்குள் வைக்க வேண்டாம்.

ஒரு பிரதி போதாது

இரண்டு டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று கண்ணாடி போல வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது கைகொடுக்கும். ஆனால் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். வெள்ளமும் திருடனும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். அதனால்தான் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறிடத்தில் என்று சொல்கிறார்கள். போட்டு எடுக்கக் கூடிய ஒரு டிஸ்க்கில் மாதமொருமுறை பிரதியெடுத்து உம்மா வீட்டிலோ ராத்தா வீட்டிலோ கொடுத்து வையுங்கள். செலவு குறைந்த காப்புறுதி இதுவே.

மின்வெட்டும் இடியும்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்ததையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதையும் நாம் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையலாம். சிறிய யூ.பி.எஸ். ஒன்று கணனியை ஒழுங்காக மூடும் வரை சில நிமிடங்களைத் தரும். அதன் வேலை அவ்வளவே. பேட்டரியைச் சில வருடங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இன்டர்நெட் வயரையும் மறக்க வேண்டாம்.

அந்தரங்கம் உங்கள் கையில்

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கத்தில் எடுத்த வீடியோவை முன்பின் தெரியாதவர் பார்ப்பதை எந்தக் குடும்பமும் விரும்பாது. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதன் பெரும் நன்மை இதுதான். ஆனால் அதற்கும் பேணுதல் வேண்டும். பெட்டியைத் திருத்தக் கொடுக்கும்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாகப் பார்க்கும் வசதியை, அதை நன்கறிந்தவர் உதவியின்றித் திறக்க வேண்டாம்.

மென்பொருளுக்குக் காசு தேவையில்லை. 2018இல் தொடங்கிய ஜெல்லிஃபின் இலவசமானது. அதில் ஆளுக்கொரு கணக்கு வைத்து, எந்தப் பகுதி யாருக்குத் தெரிய வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். சின்னப் பிள்ளைகளின் கணக்கில் அவர்களுக்குரியவை மட்டும் தெரியும். பெண்களின் வீடியோக்களைத் தனியாக வைக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் இப்பெட்டியின் கடவுச்சொல் மகனுக்கு மட்டுமே தெரியும். அவர் தொழிலுக்கு வெளிநாடு போனதும் பெட்டி ஊமையாகிவிடுகிறது. பூட்டு இருக்கிறது, திறப்பு இல்லை! பெட்டியை அமைக்கும் அன்றே பக்கத்தில் அமருங்கள். எப்படி மூடுவது, எப்படிப் பிரதியெடுப்பது என்று கேட்டு, கடவுச்சொல்லோடு ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி வைக்கும் இடத்திலேயே அதையும் வையுங்கள். பிறகு, இந்தக் கிழமையே அலுமாரியிலுள்ள கசட்டுகளை இறக்கித் தூசு தட்டுங்கள். வீட்டின் கதைகளை அதிகம் அறிந்தவர் நீங்கள்தான். எந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று பெயர் எழுதி வைக்க உங்களை விடப் பொருத்தமானவர் வேறு யார்?