மழைக்கு முன் மட்கார்டைப் பாருங்கள்



நமது இதழில் வரி பற்றியும், எடை அளவு பற்றியும், கொள்முதல் பற்றியும் பலர் எழுதுகிறார்கள். நான் இம்முறை சைக்கிள் மட்கார்டு பற்றி எழுதுகிறேன். "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் சிரிக்கலாம். ஒரு மட்கார்டுக் கம்பியை இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டதற்கு நாங்கள் கொடுத்த விலையைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள்.

1991ஆம் வருடம், ஐப்பசி மாதம். பல்லடத்தில் எங்கள் மொத்தக் கடையில் அப்பா கல்லாவில் இருப்பார். சரக்கு அனுப்புவது என் பொறுப்பு. சுற்று வட்டாரச் சிறு கடைகளுக்குப் பெரும்பாலும் சைக்கிளில்தான் சரக்குப் போகும். ஒரு சைக்கிளில் பின் மட்கார்டு போல்ட் ஓட்டையில் விரிசல் விட்டு, ஓட்டும்போது கடகடவென்று சத்தம் போட்டது. "கழட்டிப் போடு, தொல்லை விட்டது" என்று நான்தான் சொன்னேன். செலவு மிச்சம் என்று நினைப்பு.

அந்த வாரமே மழை பிடித்தது. பொங்கலூர்ப் பக்கத்துக் கடை ஒன்றுக்கு 50 கிலோ சர்க்கரை மூட்டை போனது. மேலே படுதா போட்டு நன்றாகத்தான் கட்டி விட்டோம். ஆனால் மட்கார்டு இல்லாத பின் சக்கரம் ரோட்டுச் சேற்றையெல்லாம் வாரிக் கேரியருக்குக் கீழிருந்து அடித்து விட்டது. சாக்கின் அடிப்பக்கம் ஊறி, உள்ளே சர்க்கரை செம்மண் நிறத்தில் பாகாகிக் கிடந்தது. கடைக்காரர் மூட்டையைத் திருப்பி அனுப்பி விட்டார். மேலிருந்து வரும் மழைக்குப் பயந்த நாங்கள், கீழிருந்து வரும் மழையை நினைக்கவில்லை.

அது பண நஷ்டம், போகட்டும். அதே சைக்கிளில் முன் மட்கார்டுக் கம்பி ஒன்று நட்டு தளர்ந்து ஆடிக் கொண்டிருந்தது. சரக்குக் கொண்டு போகும் பையன், "ஏனுங்ண்ணா, முன் சக்கரத்துக் கம்பி ஆடுதுங்க" என்று இரண்டு மூன்று தடவை சொன்னான். "பார்க்கலாம் தம்பி, இந்த லோடு போயிட்டு வந்துரு" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒரு நாள் அந்தக் கம்பி கழன்று ஸ்போக்ஸுக்குள் புகுந்தது. முன் சக்கரம் ஒரே நொடியில் பூட்டுப் போட்டது போல் நின்றது. சைக்கிள் தலைகீழாகக் கவிழ்ந்து, பையனின் முழங்கை முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அப்பா என்னைத் திட்டவில்லை. "சைக்கிள் நம்மளுது, சரக்கு நம்மளுது. கை மட்டும் அவனுதுன்னு விட்டுட்டியா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். வைத்தியச் செலவு முழுதும் நாங்கள்தான் பார்த்தோம். ஆனாலும் அந்தக் கை இன்று வரை முழுதாக நீளுவதில்லை. அவர் இப்போது சொந்தமாக மளிகைக் கடை வைத்து, எங்களிடமே சரக்கு எடுக்கிறார். மேல் தட்டுச் சாமானை அவர் இடது கையால் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பி நினைவு வரும்.

மட்கார்டு செய்யும் வேலை

ஈர ரோட்டில் ஓடும் டயர் தண்ணீரையும் சேற்றையும் ஒட்டி எடுத்துச் சுற்றி எறிகிறது. பின் சக்கரம் எறிவது கேரியர் சரக்குக்கும் ஓட்டுபவர் முதுகுக்கும் போகும். முன் சக்கரம் எறிவது முகத்துக்கும், அதைவிட அதிகமாகக் கால்களுக்கும், பெடல் அச்சுக்கும், செயினுக்கும் போகும். மணல் கலந்த தண்ணீர் செயினில் பட்டால் எண்ணெய் கழுவிப் போய், செயினும் பல்சக்கரமும் தேயும். மட்கார்டு போடாமல் மிச்சம் பிடித்த காசைச் செயினுக்குக் கொடுக்க வேண்டி வரும்.

நமக்குப் பழக்கமான கறுப்பு நிற 28 அங்குலச் சைக்கிளில் முழு நீள மட்கார்டு கம்பெனியிலிருந்தே வரும். 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆனாலும், லூதியானாவின் ஹீரோ ஆனாலும் இதுதான் அமைப்பு. அரசு மாணவர்களுக்குத் தரும் விலையில்லா சைக்கிளிலும் மட்கார்டு உண்டு. இப்போது இளைஞர்கள் விரும்பும் கியர் சைக்கிள்கள் பலவற்றில்தான் அது இல்லை. இருந்தாலும் அரை அடிப் பிளாஸ்டிக் துண்டாக இருக்கிறது. அது பார்வைக்குத்தான், மழைக்கு அல்ல. மழை அதிகமுள்ள நெதர்லாந்து நாட்டில் வேலைக்குப் போகிறவர்களின் அன்றாடச் சைக்கிளில் இரண்டு மட்கார்டும் செயின் கவரும் இருப்பது வழக்கம். தினசரி ஓட்டுகிறவனுக்கு எது தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க

முதலில் டயர் அளவு. டயரின் பக்கவாட்டில் 28 x 1½ என்றோ, 26 என்று தொடங்கியோ எண் இருக்கும். அதைக் குறித்துக் கொண்டு போங்கள். சைக்கிளையே தள்ளிக் கொண்டு போனால் இன்னும் நல்லது. மட்கார்டு டயரை விட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். டயர் அகலமே இருந்தால் தண்ணீர் இரு பக்கமும் தெறிக்கும்.

அடுத்தது நீளம். முன் மட்கார்டு பின்புறமாக நன்கு கீழே இறங்கி வர வேண்டும். அது குட்டையாக இருந்தால் காலும் செயினும் நனைவது நிற்காது. விளிம்பு உள்பக்கம் மடித்து உருட்டியதாக இருக்கட்டும். வெட்டிய தகடு அப்படியே இருந்தால் துடைக்கும்போது கையைக் கிழிக்கும்.

இரும்பா, பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். சரக்கு ஏற்றும் சைக்கிளுக்கு இரும்பே தாங்கும். ஆனால் துருப் பிடிக்கும். பிளாஸ்டிக் துருப் பிடிக்காது. ஆனால் நம் ஊர் வெயிலில் நாளாவட்டத்தில் மொரமொரப்பாகி, போல்ட் ஓட்டையில் உடையும். கடைக்கு வீட்டிலிருந்து வந்து போக மட்டும் ஓட்டும் சைக்கிளுக்குப் பிளாஸ்டிக் போதும்.

மாட்டும்போது கவனிக்க

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். எங்காவது உரசினால் கம்பியைச் சரி செய்த பிறகே ஓட்ட வேண்டும். போல்ட்டுகளுக்கு வாஷர் போட்டு முடுக்கினால் சத்தமும் வராது, ஓட்டையும் கிழியாது. ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பி, பெடலில் உள்ள கால் விரல் முன் மட்கார்டில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேரியரில் அளவுக்கு மீறி ஏற்றினால் கேரியர் வளைந்து பின் மட்கார்டை அமுக்கும். மட்கார்டு டயரைத் தேய்க்கும். "பஞ்சர் அடிக்கடி வருது, டயர் சரியில்லை" என்று சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

முன் மட்கார்டின் அடியில் பழைய டியூபை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒரு போல்ட்டில் தொங்க விடுங்கள். தரைக்கு மேல் நான்கு விரற்கடை நின்றால் போதும். செலவில்லாத இந்தத் துண்டு ரப்பர் கால்களையும் செயினையும் காக்கும்.

கரிசல் மண் பாங்கான கிராமங்களில் மழைக் காலத்தில் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரமே சுற்றாமல் போகும். அதனால்தான் அங்கே சிலர் கழற்றி விடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தார் ரோட்டில் ஓடும் நம் சரக்குச் சைக்கிளுக்கு அது பொருந்தாது. மண் பாதையிலும் போக வேண்டியிருந்தால் இடைவெளியைச் சற்று அதிகம் வைத்து, ஒரு குச்சியால் அவ்வப்போது மண்ணைத் தள்ளி விட்டால் போதும். சைக்கிளை நிறுத்தி விட்டுத் தள்ள வேண்டும்.

உப்பும் இரவும்

நம் தொழிலுக்கே உரிய ஒரு எதிரி உப்பு மூட்டை. உப்பு ஏற்றிய அன்று கேரியரையும் மட்கார்டையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். துரு வெளியில் தெரிவதற்கு முன்பே உள்பக்கம் சேறு தங்கும் இடத்தில் தொடங்கி விடும். மாதம் ஒரு முறை உள்ளே பிரஷ் போட்டுத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவினால் மட்கார்டு பல வருடம் வரும்.

பின் மட்கார்டின் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் பட்டையும் சிவப்பு ரிப்ளெக்டரும் இருப்பது அழகுக்கு அல்ல. பல்லடம் வழியாகப் போகும் கோவை – திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் இரவில் லாரி ஓட்டி வருபவருக்கு முன்னால் போகும் சைக்கிளைக் காட்டிக் கொடுப்பது அதுதான். மட்கார்டைக் கழற்றினால் அதுவும் போய் விடுகிறது. தொங்கும் பையும் சாக்கும் அதை மறைக்காமல் கட்ட வேண்டும்.

நம் கடமை

இன்று சரக்கு மொபெட்டிலும் ஆட்டோவிலும் போகிறது என்பது உண்மையே. ஆனாலும் பக்கத்துத் தெருவுக்குச் சாமான் கொண்டு போகும் பையன் சைக்கிளில்தான் போகிறான். தறிக் கூடங்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்கு வந்துள்ள வெளி மாநிலத்துத் தொழிலாளிகள் பலர் பழைய சைக்கிள் வாங்கி ஓட்டுகிறார்கள். அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். அரிசி வாங்க வரும்போது முன் மட்கார்டுக் கம்பி ஆடுவதைக் கண்டால் ஒரு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்து விடாது.

கடைச் சைக்கிளின் மட்கார்டு பையனின் பொறுப்பு அல்ல, முதலாளியின் பொறுப்பு. ஒரு சர்க்கரை மூட்டையின் விலையோடு பார்த்தால் ஒரு ஜோடி மட்கார்டு விலை பெரிதல்ல. வெளிநாட்டில் சில மட்கார்டுகளில் ஏதாவது சிக்கினால் முன் கம்பி தானாக விடுபடும்படி செய்கிறார்கள். நம் சைக்கிளில் அந்த வசதி இல்லை. நம் கையில் இருப்பது ஸ்பேனர் ஒன்றுதான்.

ஆடி மாதச் சாரலுக்கு முன் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, கடையில் உள்ள ஒவ்வொரு சைக்கிளின் மட்கார்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அன்றே முடுக்குங்கள். "இந்த லோடு போயிட்டு வந்துரு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.