எண்ணைவிட எழுத்துக்கே மதிப்பு

"மாமா, தொகையை எண்ணில் ஒருமுறை எழுதியாச்சு. அதையே எதுக்கு மறுபடி எழுத்தில் எழுதச் சொல்றாங்க?"

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளராக இருக்கும் என் அக்காள் மகள் கேட்டாள். சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது, வாடகை கைப்பேசியிலேயே போய்விடுகிறது. அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டும்போதுதான் அவளுக்கு முதல் காசோலை எழுதும் வேலை வந்தது. தொகை 16,050 ரிங்கிட். நான்கு வருடச் சேமிப்பு.

எண்ணும் எழுத்தும் சட்டத்தின் கண்ணில் சமம் அல்ல. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும். மலேசியாவில் காசோலைகளுக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனின் 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலும், இந்தியாவின் 1881ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி உண்டு. 1ஐ 7 ஆக்க ஒரு கோடு போதும். கடைசியில் ஒரு சுழியம் சேர்க்க அரை நொடி. சொல்லை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

சட்டம்தான் இருக்கிறதே என்று அலட்சியமாக எழுதிவிடவும் கூடாது. இரண்டும் மாறுபட்டிருந்தால் வங்கிகள் பெரும்பாலும் காசோலையைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குக் கெடு வைத்திருக்கும்போது அதுவே பெரிய தலைவலி.

மலாயில் எழுதும்போது நம் பிள்ளைகள் தடுமாறுவது 'பெலாஸ்', 'புலோ' என்ற இரண்டு சொற்களில்தான். எனாம் பெலாஸ் என்றால் பதினாறு, எனாம் புலோ என்றால் அறுபது. அவள் எழுத வேண்டியது: "எனாம் பெலாஸ் ரிபு லிமா புலோ சஹாஜா". கடைசியில் வரும் 'சஹாஜா' தமிழில் நாம் போடும் 'மட்டும்'. அதை எழுதி, மீதி இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும்.

பலர் வால்பக்கத்தை மூடிவிட்டுத் தலைப்பக்கத்தைத் திறந்து விடுகிறார்கள். அச்சிட்ட 'ரிங்கிட் மலேசியா'வுக்கும் முதல் சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு, "எனாம் ரிபு" என்று எழுதினால் முன்னால் 'துவா புலோ' நுழைந்துவிடும். ஆறாயிரம் இருபத்தாறாயிரம் ஆகிவிடும். எண்ணிலும் அப்படித்தான், 6க்கு முன்னால் 2 நிற்க இடம் இருக்கக் கூடாது.

பெரிய தொகை என்றால் இன்னொரு சிக்கல். நம் பெரியவர்கள் லட்சத்தில் நினைப்பவர்கள். 1,25,000 என்று காற்புள்ளி போடுவார்கள். இங்கே அது 125,000, அதாவது நூற்று இருபத்தைந்தாயிரம். பழைய மலாயில் 'லக்சா' என்று ஓர் எண்ணே உண்டு. ஆனால் அதன் மதிப்பு பத்தாயிரம்தான்! (ஆயர் ஈத்தாமில் சாப்பிடும் லக்சா வேறு.) 'கெத்தி' என்பது நம் கோடியின் உறவு, அங்கே அது நூறாயிரம். நல்லவேளை, இந்த இரண்டையும் இன்று யாரும் காசோலையில் எழுதுவதில்லை.

எழுத்தை நம்பும் பழக்கம் வங்கிகள் கண்டுபிடித்தது என்றும் சொல்ல முடியாது. ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங்கு ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகளின் தெரு. கடனும் உண்டியலும் கையெழுத்தை நம்பி ஓடிய காலம் அது. வட இந்திய வணிகர்களின் உண்டியல் முறையில் இன்னும் ஒரு பூட்டு இருந்தது. ரூபாய் 800, எழுத்தில் எண்ணூறு, இதில் பாதியான நானூற்றின் இரட்டிப்பு என்று எழுதுவார்கள். ஒன்றைத் திருத்துகிறவன் மூன்றையும் திருத்த வேண்டும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கணக்குப்பிள்ளைகள் மேல் மரியாதை வருகிறது.

எழுத்து வரியைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்ட மாணவர்கள் எல்லாரும் படிக்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. லண்டனில் மெக்மில்லன் அண்ட் ஆர்தர் என்ற நிறுவனத்தின் குமாஸ்தா, சில்லறைச் செலவுக்கு 2 பவுன் வேண்டும் என்று காசோலையை நீட்டினான். கட்டத்தில் 2, எழுத்து வரி வெறுமை. பங்காளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குமாஸ்தா 2க்கு முன்னால் 1, பின்னால் 0 சேர்த்தான். காலியாக இருந்த வரியில் நூற்றிருபது பவுன் என்று எழுதிப் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்தான். பிரபுக்கள் சபை 1918இல் தீர்ப்புச் சொன்னது: நட்டம் வங்கிக்கு அல்ல, நிறுவனத்துக்கே. மோசடிக்கு இடம் கொடுக்காமல் காசோலை எழுதுவது வாடிக்கையாளரின் கடமை.

நான் ஒரு சின்ன நலச் சங்கத்தில் பொருளாளர். கைப்பேசி எவ்வளவு வளர்ந்தாலும், இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பதற்காகவே சங்கங்களும் கோயில் குழுக்களும் இன்னும் காசோலைப் புத்தகம் வைத்திருக்கின்றன. ஆனால் "தலைவர் ஊரில் இருக்க மாட்டார், பத்துக் காசோலையில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்" என்பது எத்தனை சங்கங்களில் நடக்கிறது! அங்கே இரண்டாவது கையெழுத்துக்கு அர்த்தமே இல்லை. எங்கள் தலைவரும் முதலில் அப்படித்தான், "நீங்க எழுதிக்குங்க அண்ணே, உங்க மேல நம்பிக்கை இருக்கு" என்றார். பெயர், தேதி, எண், எழுத்து எல்லாம் நிரப்பி, பில்லையும் இணைத்து, லெபோ பாசாரில் இருக்கும் அவர் கடைக்கு எடுத்துப் போகிறேன். கல்லாவில் கூட்டம் இருந்தால் காத்திருக்கிறேன். இப்போது அவரே எழுத்து வரியை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்.