இழுப்பறையில் கிடக்கும் காதுக் கருவி

கையைக் கடிக்கும் விலை கொடுத்து அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி வாங்குகிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "ஒரே இரைச்சல்டா, தலை வலிக்குது" என்கிறார். நமக்குக் கோபம் வருகிறது. காது கேட்கவில்லை என்றவர் இப்போது அதிகமாகக் கேட்கிறது என்கிறாரே!

இரண்டுமே உண்மை. நம் ஒவ்வொரு காதுக்குள்ளும், நத்தை ஓடுபோல் சுருண்ட பகுதியில், ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் உள்ளன. முதுமையாலோ, தறியிலும் பட்டறையிலும் பல ஆண்டுகள் உழைத்ததாலோ இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகின்றன. ஆனால், உரத்த ஒலியைத் தாங்கும் எல்லை மட்டும் உயர்வதில்லை. சிலருக்கு அது இறங்கியும் விடுகிறது. கேட்காத ஒலிக்கும் தாங்கமுடியாத ஒலிக்கும் நடுவே அகன்ற முற்றமாக இருந்த இடம் ஒடுங்கிய திண்ணையாகிவிடுகிறது. அதனால்தான் "சத்தமாகப் பேசு" என்பவர், நாம் குரலை உயர்த்தியதும் "ஏன் கத்துற?" என்கிறார்.

கருவியோ நம் பேச்சை மட்டும் தேர்ந்து பெருக்குவதில்லை. குழாய்த் தண்ணீர், செய்தித்தாளை மடிக்கும் ஓசை, எவர்சில்வர் தட்டில் கரண்டி, குக்கர் விசில் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இவற்றைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கத் தெரிந்த மூளை, பல ஆண்டுகளாக இவற்றைக் கேட்காததால் அந்தப் பழக்கத்தை இழந்திருக்கிறது. அது திரும்ப வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகலாம். முதலில் அமைதியான அறையில் நாளுக்குச் சில மணி நேரம் அணியட்டும். உரத்த ஒலி வேதனை தந்தால் செவித்திறன் வல்லுநரிடம் மீண்டும் அழைத்துச் செல்வோம். கருவி தரும் உச்ச ஒலியைக் குறைத்து அமைக்க அவரால் முடியும். வாங்கிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று நினைப்பதால்தான் பல கருவிகள் இழுப்பறைக்குப் போகின்றன.

நம் ஆலயத்தையும் சொல்லியாக வேண்டும். உயர்ந்த கூரையிலும் வெறும் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒலியில் மறையுரையின் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. தெளிவில்லை என்று ஒலிபெருக்கியைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. இதில் கீபோர்டும் டிரம்சும் வேறு! காது கேளாத மனிதரை இயேசு கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றதாக மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாம் புதுமையை நோக்கி விரைந்து கடந்துவிடும் வரி அது. கருவி அணிந்தவர் அங்கே சற்று நிற்பார்.

வீட்டில் பேசுமுன் டிவியை நிறுத்துவோம். எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, வழக்கமான குரலில், சற்று நிதானமாகப் பேசுவோம். ஞாயிறு திருப்பலிக்கு அவரை அழைத்து வரும்போது, பீடத்தில் பேசுபவரின் முகம் தெரிகிற, ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் இல்லாத இருக்கையாகப் பார்த்து அமர வைப்போம்.